இத்தாலியண்ணைக்கு விழுந்த வாக்குகள்

அரசியல்வாதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஊரில் நான் பார்த்தவர்கள் அப்படி. மேடையில் ஏறினால் உயிரைத் தருவேன் என்பார்கள். இறங்கினால் காரின் கண்ணாடியைக்கூட இறக்கமாட்டார்கள். ஒரு அரசியல்வாதியைப் பற்றி, அதுவும் நன்றியோடு, நான் இருந்து எழுதுவேன் என்று யாராவது முன்னரே சொல்லியிருந்தால், போய் உங்கடை வேலையைப் பாருங்கோ என்றிருப்பேன். அவர் எங்கள் ஆளும் இல்லை. இத்தாலிக்காரர். நாங்கள் அவரை இத்தாலியண்ணை என்றோம்.

எங்களுடையது சுவிஸில், வின்டர்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு சின்ன நகரம். ஒரு காலத்தில் நெசவாலைகளை நம்பியிருந்த இடம். நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்து, முகாம் முகாமாகச் சுற்றி, கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தோம். அவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கிப் பிறகு அடுப்படிக்கு ஏறியவர். எனக்குச் சலவை ஆலையில் வேலை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வரும். அவற்றைச் சூடான உருளைக்குள் கொடுத்து மற்றப் பக்கம் மடித்து எடுக்க வேண்டும். கோடைகாலத்தில் உள்ளே நின்றால் சுவிஸ் என்பது குளிர்நாடு என்று எவன் சொன்னான் என்றிருக்கும்.

எங்கள் மகள் முதலாம் வகுப்புப் போகத் தொடங்கிய வருஷம் ஆலையில் வேலை நேரத்தை மாற்றினார்கள். எனக்குப் பின்னேர வேலை விழுந்தது. கணவரும் அந்த நேரத்தில் உணவகத்தில் நிற்பார். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆளில்லை. கழுத்தில் வீட்டுத் திறப்பைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டேன். வா, கதவைப் பூட்டு, சாப்பாட்டை எடுத்துச் சாப்பிடு, ஆர் மணி அடிச்சாலும் திறக்காதை, சத்தம் போடாதை. இதுதான் நான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சத்தத்தைப் பற்றி ஏன் அவ்வளவு பயம் என்றால், கீழ்வீட்டில் ஒரு வயதான மனுஷி. மேலே ஒரு கரண்டி விழுந்தாலும் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டை இடிப்பார். அந்த இடி எங்கள் உள்ளங்காலில் கேட்கும்.

ஆலையில் புதிய வேலை நேரத்தால் அவதிப்பட்டது நான் மட்டுமல்ல. போர்த்துக்கேயப் பெண்கள், துருக்கிப் பெண்கள், எல்லோர் வீட்டிலும் இதே கதைதான். அப்போதுதான் தொழிற்சங்கத்திலிருந்து ஒரு இத்தாலிக்காரர் ஆலை வாசலுக்கு வந்தார். குள்ளம், வழுக்கை, கழுத்தில் ஒரு சிவப்புச் சால்வை. ஒவ்வொருத்தியிடமும் பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார். சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. இந்த ஆளுக்குத் தன் வேலையே தெரியாது போல என்று நான் நினைத்தேன்.

ஒரு லீவு நாளில், முதலாளியிடம் கொடுக்கும் மனுவில் என் கையெழுத்தை வாங்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மணி அடித்தது. நான் குசினியில் சமைத்த கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள், முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்த மகள் ஒரு சத்தமும் இல்லாமல் மேசைக்கு அடியில் போய் இருந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டாள். நான் வீட்டில் நிற்கிறேன் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. மணி அடித்தால் ஒளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கதவைத் திறந்தேன். அவர் உள்ளே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், மேசைக்கு அடியில் இருந்த பிள்ளையைக் கண்டார். அந்த முகம் மாறியதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியாது. ஆத்திரம் என்றால் விளங்கியிருப்பேன். அழப்போகிறவரின் முகம். ஒரு கட்டைக் குரல் மனிதர், வாசலில் நின்று முதலாளியை எதிர்க்கிறவர், என் வீட்டு நிலத்தில் சப்பாணி கட்டி அமர்ந்துவிட்டார். எனக்குப் பதற்றமாகப் போய்விட்டது. கதிரையில் இருங்கோ என்றேன். அவர் கேட்கவில்லை.

அங்கே இருந்தபடியேதான் தன் கதையைச் சொன்னார். அவர் பேசியது ஜேர்மன். நான் அதை எங்கள் தமிழில்தான் நினைவில் வைத்திருக்கிறேன். அவருடைய தகப்பன் இத்தாலியிலிருந்து இங்கே கட்டடவேலைக்கு வந்தவர், தாய் நெசவாலைக்கு வந்தவர். பருவகாலத் தொழிலாளிகள். அவர்களுக்குக் கொடுத்த அனுமதியில் கை கால் உள்ள வேலைக்காரர் வரலாம், அவர்களுடைய பிள்ளை வரக்கூடாது. தாயால் பிள்ளையை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை. காரின் பின்னிருக்கையில் போர்வைக்குக் கீழே படுக்கவைத்து எல்லையைக் கடத்திக்கொண்டு வந்தார்கள். பிறகு குளிர்காலம் போய்க் கோடைகாலம் வந்து திரும்பக் குளிர்காலமும் வரும்வரை அவர் ஒரு அறைக்குள் இருந்தார். ஜன்னலுக்குக் கிட்டப் போகக்கூடாது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போன நேரம் கக்கூசில் தண்ணீர் இழுக்கக்கூடாது. தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைக்க வேண்டும். மணி அடித்தால் மேசைக்கு அடியில்.

சொல்லி முடித்துவிட்டு மகளைப் பார்த்து, ஓடு என்றார். அவள் என்னைப் பார்த்தாள். ஓடு, ஓடு, இந்தச் சுவரிலையிருந்து அந்தச் சுவர் மட்டும் ஓடு என்று கையைத் தட்டினார். அவள் முதலில் நுனிக்காலில் ஓடினாள்; பிறகு குதிக்காலும் நிலத்தில் பட ஓடினாள். கீழிருந்து தும்புத்தடி இடித்தது. அவர் எழும்பி, சால்வையைச் சரிசெய்துகொண்டு, கீழே இறங்கிப் போனார்.

அந்த மனுஷியோடு என்ன கதைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், அவவும் ஒரு காலத்திலை பிள்ளைதானே என்று மட்டும் சொல்வார். அதற்குப் பிறகு இடி நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. நத்தார்ப் பண்டிகை வந்தபோது மனுஷி ஒரு தகரப் பெட்டியில் பிஸ்கட் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனார். வேலை நேரமும் மாறியது. முழுக்க இல்லை, சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கு மட்டும் பின்னேர வேலை தருவதில்லை என்று முதலாளி இறங்கிவந்தார். இவ்வளவுதான் அவர் எங்களுக்குச் செய்தது. எங்களுக்கு அது எவ்வளவு என்று நாங்கள்தான் அறிவோம்.

அவருக்கு அந்த அறை மனதை விட்டுப் போகவே இல்லை என்று நினைக்கிறேன். சுவிஸ் பிரஜாவுரிமை எடுத்தார், நகரசபைக்கு நின்றார், வென்றார். கட்சி என்னவென்று நான் ஒருமுறை கேட்டேன். நடுவிலையிருந்து கொஞ்சம் இடது பக்கம் சரிஞ்சு இருக்கிற கட்சி என்றார். ஏன் முழுக்கச் சரியேல்லை என்று கேட்டேன். முழுக்கச் சரிஞ்சால் கதிரையோடை விழுந்திடுவன் என்றார். அவருடைய பகிடி எல்லாம் இப்படித்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரிப்பு வரும்.

பிறகு அவருக்கு ரோமிலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டில் வாழ்கிற இத்தாலியரும் தபாலில் வாக்களித்துத் தங்களுக்கென்று ஆட்களைத் தங்கள் நாட்டுப் பாராளுமன்றத்துக்கு அனுப்பலாம். அந்தப் பட்டியலில் இவரையும் போட்டார்கள், வென்றுவிட்டார். எங்களுக்கு வந்த சந்தோஷத்தையும் புளுகத்தையும் கேட்கவேண்டுமா? கோயிலில், கடையில், பஸ் தரிப்பில் எல்லாம், எங்கடை அண்ணை ரோம் பாராளுமன்றத்திலை இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஏதோ நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பியது போல. அப்போது எங்களுக்கு எந்த நாட்டிலும் வாக்கு இல்லை.

ஒரு தவணைதான் அங்கே இருந்தார். அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். திரும்பிவந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். அங்கே ஒரு வசனத்தில் ஒரு காற்புள்ளியை இடம் மாற்ற ஒரு பின்னேரம் முழுக்கக் கதைப்பார்களாம். அங்கே நான் செய்த பெரிய வேலை ஒரு கதவைப் பூட்டவிடாமல் காலை வைத்துக்கொண்டு நின்றதுதான் என்றார். இங்குள்ள வயதான இத்தாலியர்கள் ஓய்வூதிய அலுவல்களுக்குப் போகிற ஒரு சிறிய அலுவலகம். அதை மூட இருந்தார்களாம். தான் இருந்தவரைக்கும் மூடவிடவில்லை. தோல்வியைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சொதி இன்னும் இருக்கோ என்றுதான் கேட்டார்.

நான் சொல்லவந்த தேர்தல் அதற்குப் பிறகு வந்தது. அவருக்கு வயது போய்விட்டது. கடைசி முறையாக எங்கள் நகரசபைக்கு நின்றார். ஒரே காரணத்துக்காக நின்றார். பழைய நெசவாலைக் கட்டடத்தின் கீழ்த்தட்டு சும்மா கிடந்தது. அதை எடுத்து, தாயும் தகப்பனும் மாறி மாறி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து இருக்க, விளையாட, விரும்பியபடி சத்தம் போட ஒரு இடமாக ஆக்கவேண்டும் என்பது அவருடைய திட்டம். அடுத்த சபையில் அது வாக்கெடுப்புக்கு வர இருந்தது. சபையில் பாதிப்பேர் ஆதரவு, பாதிப்பேர் எதிர்ப்பு. அவர் உள்ளே இல்லையென்றால் அதைத் தூக்கிப் பிடிக்க வேறு ஆள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்த முறைதான் நாங்களும் எங்கள் ஆட்களில் பலரும் பிரஜாவுரிமை எடுத்து முதல் தடவையாக வாக்களிக்க இருந்தோம். நல்லதாய்ப் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, கணவருடைய சித்தப்பாவின் மகன் தானும் நிற்கப்போவதாக வந்து சொன்னார். வியாபாரிகளின் கட்சி. அந்தத் தம்பி நல்ல பிள்ளைதான். கடை வைத்து, வீடு வாங்கி முன்னுக்கு வந்தவர். பிள்ளைகளுக்கு இடம் என்று தொடங்கினால் வரி கூடும் என்பது அவருடைய கட்சியின் கதை. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார். எங்கடை ஆள் ஒருத்தன் உள்ளுக்கை போகவேண்டாமோ என்று கேட்டார். இருந்த அத்தனை தலையும் ஆடியது.

பிறகு எங்கள் வீட்டுக்கும் வந்தார். சாப்பாடு கொடுத்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அண்ணை உங்கடை வாக்கு எனக்குத்தானே என்று கேட்டார். என் கணவர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன்.

"ஓம் தம்பி, உனக்கில்லாமல் ஆருக்குப் போடப்போறன்?"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. தம்பி போய்க் கதவு சாத்தினதும் தொடங்கினேன். உங்கடை பிள்ளை மேசைக்குக் கீழை இருந்ததை மறந்து போனியளோ, அந்தாள் நிலத்திலை இருந்ததை மறந்து போனியளோ, நன்றி எண்டு ஒண்டு இருக்கோ இல்லையோ என்றெல்லாம் கேட்டேன். அவர் எழும்பிப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். வாக்குச்சீட்டுகள் தபாலில் வந்தன. அவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி எழுதிக்கொண்டு வந்தார். அதிலிருந்து தேர்தல் ஞாயிறு வரை நான் அவரோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. சோறு போட்டேன், கறி போட்டேன், கதை இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் வாக்கு எண்ண வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்திருந்தது. எங்கள் நகரத்தில் அதற்கென்று தனி உத்தியோகத்தர்கள் இல்லை. பிரஜைகளைத்தான் கூப்பிட்டு இருத்துவார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நல்ல சேலை உடுத்துக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன். மகள்தான் வேண்டாம் அம்மா என்று தடுத்தாள்.

நகரசபை மண்டபத்தில் மேசை மேசையாக இருத்தினார்கள். அங்கே காண்பதை வெளியே கதைக்கக்கூடாது என்று முதலில் சொல்லிவிட்டார்கள். எண்ணுகிறவர்களுக்குத் தலைவி ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பழக்கம் உள்ளவர். என் மேசையில் என்னோடு முன்னாள் வங்கிக்காரர் ஒருவர் இருந்தார். (வெளியே கதைக்கக்கூடாததை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்பீர்கள். வருஷங்கள் போய்விட்டன, பேர் ஊர் சொல்லவில்லை, செல்லாத ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என் கணவரும் நான் எழுதுவதை வாசிப்பதில்லை. நாள் முழுக்கக் கேட்கிறது போதாதோ என்பார்.)

எங்கள் ஊர்த் தேர்தலில் கட்சி அச்சடித்த தாளை அப்படியேயும் போடலாம். அல்லது வெறுந்தாளில் விரும்பிய பேர்களை எழுதலாம். ஒருவரில் அதிகப் பிரியம் என்றால் அவருடைய பேரை இரண்டு தரம் எழுதலாம், அது இரண்டு வாக்காக எண்ணப்படும். நான் இத்தாலியண்ணையின் கட்சித் தாளை அப்படியே போட்டிருந்தேன். எழுதப் பஞ்சி, சோம்பல்தான்.

காலை பாதி போயிருக்கும். வங்கிக்காரர் ஒரு சீட்டை எடுத்து, இது என்ன என்றார். கையால் எழுதிய சீட்டு. தலைப்பில், நடுவாக, ஒரு சின்னச் சுழி. கீழே இரண்டு கோடு. பேனா எழுதுகிறதா என்று பார்த்திருப்பார்கள் என்று சொல்லி ஒரு பக்கம் வைத்தார். கொஞ்சத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. திரும்பவும் இந்த நத்தை என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். அது நத்தையா? பிள்ளையார் சுழி! எங்கள் ஆட்கள் கடைக்குச் சாமான் வாங்க எழுதினாலும் அதைப் போட்டுத்தான் தொடங்குவார்கள். முதல் முதலாக வாக்குப் போடுகிறார்கள், நல்ல காரியம், போடாமல் விடுவார்களா? அடப் பாவிகளே என்று மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். சீட்டில் அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் சீட்டுச் செல்லாது என்று உறையிலேயே எழுதியிருந்தது. அதையெல்லாம் யார் வாசித்தார்கள்?

அடுத்ததாக அந்தச் சீட்டுகளில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். சிலதில் தம்பியின் பேர் இருந்தது. மற்றதெல்லாம் இத்தாலியண்ணை. இரண்டு தரம். ஒன்றிலல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, எங்கள் ஆட்களின் அந்த வட்ட வட்டமான எழுத்தில், அவருடைய பேர் இரண்டு இரண்டு தரம். கோயில் மண்டபத்தில் ஆடிய அத்தனை தலைகளும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலை. என் கண் நிறைந்துவிட்டது. இவர்களைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன்.

அதற்கு நடுவில் ஒரு சீட்டு. சுழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வேல் கீறியிருந்தது. பிள்ளையாருக்கு மட்டும் போட்டால் தம்பி முருகன் கோவிப்பார் என்று சொல்லி அப்படிக் கீறுகிற ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். வரிப் பத்திரத்திலும் கீறுவார், பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதத்திலும் கீறுவார், நான் எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். வேலுக்குக் கீழே இத்தாலியண்ணையின் பேர், இரண்டு தரம், எழுத்துப் பிழை வந்துவிடக்கூடாதென்று அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது. நான் முகம் கொடுக்காமல் சோறு போட்ட மனுஷன் எழுதியது.

வங்கிக்காரர் தலைவியைக் கூப்பிட்டுவிட்டார். ஒரே அடையாளம் இத்தனை சீட்டில் வந்தால் அது தற்செயல் இல்லை என்றார். யாரோ ஆட்களைப் பிடித்து, வாக்குப் போட்டதற்கு அத்தாட்சியாக அடையாளம் கீறச் சொல்லியிருக்கலாம் என்றார். அவரில் பிழையில்லை, பார்க்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். தலைவி கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் அத்தனையும் செல்லாது, விசாரணையும் வரும் என்றார்.

இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? எழும்பினேன். எங்கள் ஆட்கள் எதையும் எழுத முன்னர் கடவுளுக்குப் போடுகிற சுழி இது, யாரும் சொல்லிக் கீறியது இல்லை என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். தலைவி என்னைப் பார்த்தார். பிறகு என் முன்னால் கிடந்த தாளைப் பார்த்தார். நான் காலையிலிருந்து கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்த தாள். அதன் தலைப்பில், நடுவாக, சுழி. கீழே இரண்டு கோடு. சத்தியமாக நான் போட்டதே எனக்குத் தெரியாது. வங்கிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தலைவி மட்டும் சிரிக்கவில்லை. மற்ற மேசைகளிலிருந்து பொறுப்பானவர்களைக் கூப்பிட்டுக் கதைத்தார். அடையாளம் கூடாது என்பது ஏன்? யார் எழுதினார் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக. எல்லோரும் ஒரே மாதிரிப் போடுகிற ஒன்றால் ஒருவரையும் பிடிக்க முடியாதே என்று ஒருவர் சொன்னார். மற்றவர் தலையைச் சொறிந்தார். கடைசியில் தலைவி என்னிடம் திரும்பினார்.

"இந்தச் சுழியை வைச்சு, எந்தச் சீட்டு எவருடையது எண்டு உங்களாலை சொல்ல ஏலுமோ? யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதை வைச்சுத்தான் நான் முடிவெடுக்கப்போறன்."

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் உள்ளே. அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த வேல் கீறிய சீட்டு மேலே கிடந்தது. தலைவி என் சொல்லை நம்பிக் கேட்கிறார். பொய் சொல்லி இத்தாலியண்ணையை உள்ளே அனுப்பினால், அவர் என் வீட்டு நிலத்தில் இருந்ததற்கு நான் செய்கிற மரியாதை அதுவா?

"ஒண்டு மட்டும் தெரியும். மற்றதுகள் ஆருடையது எண்டு சத்தியமாய்த் தெரியாது."

எது என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். யாருடையது என்று சொல்ல வாய் திறந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மற்றச் சீட்டுகளை எண்ணலாம் என்றார். வேல் கீறிய சீட்டில் செல்லாது என்ற முத்திரையைக் குத்தி, வேறு பெட்டியில் போட்டார். முத்திரை விழுந்த சத்தம் எனக்கு நெஞ்சில் விழுந்தது. வெளியே போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தை எண்ணினேன்.

பின்னேரம் முடிவு வந்தது. கடைசி இடத்தில், கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில், இத்தாலியண்ணை உள்ளே வந்துவிட்டார். தம்பி வரவில்லை. அடுத்த வசந்தத்தில் திட்டமும் நிறைவேறியது. இன்றைக்கு அந்தப் பழைய நெசவாலைப் பக்கம் பின்னேரத்தில் போனால் காது கிழிகிற சத்தம். அண்ணை தன் தவணையை முடித்துக்கொண்டு, இப்போது இத்தாலியில் கடலோரமாகச் சகோதரியோடு போய் இருக்கிறார். பெருநாள்களுக்குத் தொலைபேசி எடுப்பார். முதலில் மகளைத்தான் கேட்பார்.

வென்ற கிழமையே இத்தாலியர் சங்க மண்டபத்தில் எல்லாருக்கும் விருந்து வைத்தார். நாங்களும் வடை சுட்டுக் கொண்டு போனோம். தோற்ற தம்பியும் வந்து கைகொடுத்தார். அதற்கு நல்ல மனம் வேண்டும். எல்லோரும் நிற்கிற இடத்தில் இத்தாலியண்ணை வந்து என் கணவரின் தோளில் கையைப் போட்டார்.

"நீ உன்ரை தம்பிக்குத்தான் போட்டிருப்பாய். எனக்கு அதிலை ஒரு மனவருத்தமும் இல்லை. நானெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பன்."

பக்கத்தில் தம்பி நிற்கிறார். என் கணவர் தம்பியைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். சொந்தமெல்லோ அண்ணை, என்ன செய்யிறது என்று சொல்லிச் சிரித்தார். அண்ணையும் சிரித்துக்கொண்டு அவருடைய முதுகில் தட்டினார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று ஊரே சொல்லும் நான், கையில் வடைத் தட்டோடு மரம் மாதிரி நின்றேன். எண்ணும் மேசையில் கண்டதைச் சொல்லக்கூடாது. சொன்னால் தம்பியின் முகம் என்ன ஆகும் என்பது வேறு. அன்றைக்கு என் மனுஷனில் வந்த பாசம் எனக்குக் கலியாணம் கட்டின காலத்திலும் வந்ததில்லை என்று சொன்னால் நம்புங்கள்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். அவர் ஜன்னல் பக்கம் இருந்தார். பாதி வழியில் தானாகவே சிரித்தார். என்ன என்று கேட்டேன். முன்னுக்கும் பின்னுக்கும் எங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு என் காதடியில் குனிந்தார்.

"இஞ்சாரும், நான் அவருக்குத்தான் போட்டனான். ரெண்டு தரம் எழுதினனான். கொஞ்ச வாக்கிலைதானே வெண்டவர்? அதுக்குள்ளை என்ரையும் கிடக்கு."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையின் முகம்.

"ஓம்," என்றேன். "உங்கடைதான்."